அளவுகள் பயணம் செய்த கதை

2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் காலை 8.30 மணி. அதுவரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்ததாக வானிலைப் பதிவேட்டில் ஏறியது. செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. தென்சென்னைப் புறநகர்வாசிகள் எவரும் அந்த இரவை மறந்திருக்க மாட்டார்கள்.

49 செ.மீ. என்றால் எவ்வளவு தண்ணீர்? சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு கோடி லிட்டர் நீராகும். ஆகவே தாம்பரத்தின் ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் அன்று 49 கோடி லிட்டர் நீர் விழுந்திருக்கிறது. அந்த நீர் நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. தாழ்வான இடம் தேடி ஓடும். முடிச்சூர், வரதராஜபுரம், அனகாபுத்தூர் வழியே அடையாற்றோடு சென்று சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் அடையும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. 49 என்னும் எண் காலை 8.30 மணிக்குப் பதிவேட்டில் ஏறியது. ஆனால் மழை அந்த நேரத்தில் மொத்தமாகக் கொட்டவில்லை. மணிக்கு மணி பெய்து சேர்ந்தது. ஒவ்வொரு மணி நேரத்து அளவும் ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவர்களுக்கு அப்போதைக்கப்போது போய்ச் சேர்வதற்கு என்ன வழி? மின்சாரம் நின்று, தொலைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்துபோன அந்த இரவில், ஓர் எண் தாம்பரத்திலிருந்து சைதாப்பேட்டைக்கு எப்படிப் பயணம் செய்வது?

இக்கேள்வி புதிதன்று. அளவெடுக்கும் கருவி ஓரிடத்தில் இருக்கிறது; அதை அறிய வேண்டியவர் வேறிடத்தில் இருக்கிறார்; இடையிலுள்ள வழியோ அடிக்கடி அறுந்துபோகிறது. இந்தச் சிக்கலுக்கு மனிதன் கண்ட விடை ஒன்றுதான்: எடுத்த அளவை முதலில் எழுதி வை, வழி திறந்ததும் அனுப்பு. ஏட்டில் எழுதிய காலம் முதல் கணிப்பொறிக் காலம் வரை இந்த எளிய விதி வளர்ந்து வந்த வரலாற்றைக் காண்போம். அதில் பெரும்பகுதி நம் சென்னையைச் சுற்றியே நிகழ்ந்தது.

ஏடே கிடங்கு

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் வான ஆய்வுக்கூடம் ஒன்றைக் கட்டினர். விண்மீன்களைப் பார்ப்பதே அதன் முதல் வேலை. ஆனால் நட்சத்திரம் பார்ப்பவருக்குக் காற்றின் அழுத்தமும் வெப்பமும் தெரிந்திருக்க வேண்டும். ஒளி காற்றினூடே வளைந்து வருவதால் அதற்கேற்பக் கணக்கைத் திருத்த வேண்டுமல்லவா? 1796 முதல் சென்னையில் வானிலை அளவுகள் எடுக்கப்பட்டன. 1813இலிருந்து தொடங்கும் சென்னையின் மழைக் கணக்கு, இந்தியாவிலேயே மிக நீண்ட மழைப் பதிவுகளில் ஒன்றாகும்.

அக்காலத்தில் அளவு செல்லும் வழி மிக எளியது. பார்வையாளர் காற்றழுத்தமானியையும் வெப்பமானியையும் பார்ப்பார், ஏட்டில் எழுதுவார். ஏடு நிரம்பும். பிறகு அதைப் படியெடுத்து, தபாலிலோ கப்பலிலோ அனுப்புவார்கள். ஏடுதான் கிடங்கு, தபால்காரர்தான் வழி. கடிதம் நாட்கணக்கில் பயணம் செய்யும், இங்கிலாந்துக்கென்றால் மாதக்கணக்கில். இதனால் நட்டமில்லை. ஏனெனில் அந்த அளவுகளை வைத்து எவரும் நாளைய மழையைச் சொல்லவில்லை. கடந்த ஆண்டுகளின் சராசரியைத்தான் கணக்கிட்டார்கள்.

இந்தக் காலத்தில் பழகிய ஒரு நல்ல பழக்கத்தை மட்டும் குறித்துக்கொள்வோம். அளவை நினைவில் வைத்துக்கொண்டு பிறகு எழுதுவது கூடாது. பார்த்தவுடன், பார்த்த இடத்திலேயே, பார்த்த நேரத்துடன் எழுத வேண்டும். 1802இல் பரங்கிமலைக்கு அருகே லாம்டன் தம் புகழ்பெற்ற அடிக்கோட்டை அளந்தபோதும் இதே ஒழுக்கம்தான். ஏறத்தாழ ஏழரை மைல் நீளக் கோட்டைச் சங்கிலியால் அளக்கையில், வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் வெப்பநிலையையும் உடனுக்குடன் எழுதிக்கொண்டே சென்றார்கள். பின்னால் கணக்கைத் திருத்த உதவியது அந்தக் குறிப்புகளே.

தந்தி வந்தது

1855 பிப்ரவரியில் இந்தியாவில் தந்திச் சேவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களைக் கம்பி இணைத்தது. நாட்கணக்கு மணிக்கணக்காகச் சுருங்கியது.

தந்தி ஒரே ஓட்டமாக ஓடவில்லை என்பதை இன்றைய மாணவர்கள் பலர் அறியமாட்டார்கள். நீண்ட கம்பியில் மின்குறி தேய்ந்துபோகும். ஆகையால் இடையிடையே நிலையங்கள் வேண்டும். ஒரு நிலையத்தில் இருப்பவர் கட்டுக்கடவென்னும் ஒலியைக் கேட்டுச் செய்தியைத் தாளில் எழுதுவார். அடுத்த கம்பி வேறொரு செய்திக்காக இயங்கிக்கொண்டிருந்தால் அந்தத் தாள் மேசை மேல் காத்திருக்கும். கம்பி ஓய்ந்ததும் அதை மீண்டும் தட்டி அனுப்புவார். வாங்கு, எழுதி வை, வழி கிடைத்ததும் அனுப்பு! இன்று கணிப்பொறி வலைகளில் செய்தி செல்வதற்கும் இதுவே அடிப்படை. மேசை மேல் காத்திருந்த தாள்தான் இன்றைய தாங்கு நினைவகத்தின் பாட்டனார்.

1864 அக்டோபர் 5ஆம் நாள் கல்கத்தாவைப் பெரும் புயல் தாக்கிப் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டது. 1866இலும் 1871இலும் பருவமழை பொய்த்தது. இவற்றின் விளைவாக 1875இல் இந்திய வானிலைத் துறை தோன்றியது. ஹென்றி பிளான்போர்ட் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். நாடெங்குமுள்ள நிலையங்களின் அளவுகளைத் தந்தி மூலம் ஓரிடத்தில் குவித்து, ஒரே வரைபடத்தில் குறித்துப் பார்க்கும் வழக்கம் பிறந்தது.

அப்போது ஒரு புதுச் சிக்கல் தலைகாட்டியது. சென்னைக் கடிகாரமும் கல்கத்தாக் கடிகாரமும் ஒன்றல்ல. சென்னை நேரம் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடம் முந்தியது. இரண்டுக்கும் 32 நிமிட வேறுபாடு! 'காலை 10 மணிக்குக் காற்றழுத்தம் இவ்வளவு' என்று தந்தி வந்தால், எந்த ஊர்ப் பத்து மணி? புயலின் மையம் எங்கே என்று கணிக்கும்போது அரை மணி நேரப் பிழை சிறு பிழையன்று. தந்தி வந்து சேர்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டாலும் பயனில்லை. அது வழியில் எத்தனை மேசைகளில் எவ்வளவு நேரம் காத்திருந்ததோ, யார் கண்டார்? ஆகவே அளவு எடுத்த இடத்தில், அளவு எடுத்த கணத்தில், எல்லோருக்கும் பொதுவான ஒரு கடிகாரத்தின்படி நேரம் குறிக்கப்பட வேண்டும். இந்தியாவுக்குப் பொது நேரம் 1906இல் வந்தது. இன்று உலகெங்கும் வானிலை நிலையங்கள் கிரீன்விச் கணக்கையொட்டிய ஒரே நேரத்தில் அளவெடுக்கின்றன. நம் ஊரில் மழையை 8.30 மணிக்கு அளப்பது ஏன் என்று வியந்ததுண்டா? அது கிரீன்விச் கணக்கில் சரியாக 3 மணி.

இன்னொரு சிக்கல் செலவு. தந்தியில் சொல்லுக்குச் சொல் காசு. ஆகையால் அளவுகளை எண்களாகச் சுருக்கினர். 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பயன்பட்ட உலகப் பொதுக் குறிமுறையில் எல்லாம் ஐந்து இலக்கத் தொகுதிகள். மீனம்பாக்கம் நிலையத்தின் எண் 43279. நுங்கம்பாக்கத்தின் எண் 43278. '10312' என்று ஒரு தொகுதி வந்தால், முதல் இலக்கமான 1 'இது காற்றின் வெப்பநிலை' என்று சொல்கிறது. அடுத்த 0 சுழிக்கு மேல் என்கிறது. மீதி 312 என்பது 31.2 பாகை. ஒவ்வொரு தொகுதியும் தன் பெயரைத் தானே சுமந்து செல்வதைக் கவனியுங்கள். வழியில் ஒரு தொகுதி சிதைந்துபோனாலும் மற்றவை குழம்புவதில்லை. இந்த அறிவு பின்னால் கணிப்பொறிக்காரர்களுக்கும் தேவைப்பட்டது.

காக்கப்பட்டது, ஆனால் அனுப்பப்படவில்லை

காத்து வைப்பதும் அனுப்புவதும் இரண்டு வேறு வேலைகள். ஒன்று இருந்து மற்றொன்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை வங்காள விரிகுடா நமக்கு இருமுறை காட்டியது.

1881 டிசம்பர் 31ஆம் நாள் கார் நிக்கோபார் தீவருகே நிலநடுக்கம் ஏற்பட்டது. கடலில் எழுந்த அலை ஒரு மீட்டரை எட்டாத சிறு அலைதான். சென்னை, நாகப்பட்டினம், போர்ட் பிளேர் முதலிய துறைகளில் நில அளவைத் துறையினர் வைத்திருந்த அலைமட்டமானிகள் அதைத் தாளில் கோடாக வரைந்துவிட்டன. அந்தக் கோடுகள் 120 ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருந்தன. 2003இல் ஓர்ட்டிஸ், பில்ஹாம் என்னும் இரு அறிவியலார் அவற்றை எடுத்து ஆராய்ந்து, அந்நிலநடுக்கத்தின் அளவு 7.9 என்று கணித்து வெளியிட்டனர். காத்து வைத்த பதிவு நூற்றாண்டு கடந்தும் பேசும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அடுத்த ஆண்டே, 2004 டிசம்பர் 26 காலை 6.29 மணிக்குச் சுமத்திரா அருகே கடலடி நிலம் பெயர்ந்தது. சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து ஆழிப்பேரலை நம் கரையைத் தொட்டது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். சென்னைத் துறைமுக அலைமட்டமானி அன்றும் தன் கடமையைச் செய்தது. காலை ஒன்பது மணியளவில் நீர்மட்டம் எகிறியதை ஒழுங்காகப் பதிந்தது. பின்னர் ஆய்வாளர்களுக்கு அப்பதிவு பெரிதும் பயன்பட்டது. ஆனால் அலை ஆழ்கடலில் வந்துகொண்டிருந்த அந்த இரண்டரை மணி நேரத்தில், அதைக் கண்டு சொல்ல இந்துமாக்கடலின் அடியில் ஒரு கருவியும் இல்லை. சுமத்திராவில் நிலம் பெயர்ந்த செய்தி இருந்தும், கடலில் நீர் எழும்பியதா இல்லையா என்னும் அளவு எவர் கைக்கும் வந்து சேரவில்லை.

காத்து வைத்த அளவு வருங்காலத்துக்கு உதவும். அனுப்பிய அளவுதான் இன்று வாழ்பவரைக் காக்கும். இவ்விரண்டும் வேண்டும்.

ஒரே செய்தியை மும்முறை சொல்லும் நிலையம்

புயல் காலத்தில் முதலில் சாய்வது தந்திக் கம்பம். அளவு மிகவும் தேவைப்படும் வேளையில்தான் வழி அறுகிறது! 2013 ஜூலையில் தந்திச் சேவையே விடைபெற்றுவிட்டது. ஆனால் இந்த முரண்பாடு விடைபெறவில்லை. கைப்பேசிக் கோபுரத்துக்கும் இதே கதிதான் என்பதை 2015இல் கண்டோம்.

இதற்கு ஒரு மாற்று, வானத்தின் வழியே அனுப்புவது. 1980களில் இன்சாட் துணைக்கோள்கள் வந்த பிறகு, ஆளில்லா வானிலை நிலையங்களின் அளவுகளைத் துணைக்கோள் வழியாகத் திரட்டும் முறை இந்தியாவில் தொடங்கியது. கம்பத்தில் கருவிகள், அடியில் ஒரு பெட்டி. பெட்டிக்குள் இருக்கும் நினைவகம் அளவுகளைச் சேர்த்து வைக்கும். மணிக்கொரு முறை வான்நோக்கி அனுப்பும். சூரியத் தகடும் மின்கலமும் ஆற்றல் தரும்.

நாடெங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்கள் ஒரே துணைக்கோளை நோக்கிப் பேசினால் குரல்கள் மோதிச் சிதையாவா? பெட்டிக்குத் துணைக்கோளின் குரலைக் கேட்கும் காதும் கிடையாது. தன் செய்தி சேர்ந்ததா என்று அறிய வழியில்லை. இதற்கு எளிய தந்திரம் ஒன்றைக் கையாண்டனர். ஒவ்வொரு நிலையமும் தனக்குரிய பத்து நிமிட இடைவெளிக்குள், முன்கூட்டி ஊகிக்க இயலாதபடி சிதறிய மூன்று கணங்களில், ஒரே செய்தியை மும்முறை அனுப்பும். ஒருமுறை அனுப்பினால் பத்தில் ஒன்று மோதலில் சிதைகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சிதைவதற்கான வாய்ப்பு, பத்தில் ஒன்று பெருக்கல் பத்தில் ஒன்று பெருக்கல் பத்தில் ஒன்று. அதாவது ஆயிரத்தில் ஒன்று. பள்ளியில் படித்த நிகழ்தகவுக் கணக்கு வானிலைக்கு உதவுகிறது! மும்முறையும் வந்து சேர்ந்துவிட்டாலோ, நிலைய எண்ணும் நேரமும் ஒன்றாக இருப்பதைக் கண்டு பெறுபவர் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வார். அளவோடு நேரத்தையும் எழுதி அனுப்புவதன் அருமை இங்கும் புலப்படுகிறது.

பிற்காலத்தில் நிலையங்களுக்குத் துல்லியமான கடிகாரம் கிடைத்ததால், ஒவ்வொன்றுக்கும் தனிக் கணம் ஒதுக்கி மோதலே இல்லாமல் அனுப்பும் முறையும் வந்தது.

பள்ளிக்கரணையில் கேட்கும் கடல்

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி செல்லும் சாலையில், பள்ளிக்கரணையில் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. 1993இல் தொடங்கியது. 1996இல் இந்நிறுவனத்தில் தரவு மிதவைத் திட்டம் உருவாகி, 1997 முதல் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் மிதவைகள் நிறுத்தப்பட்டன. கடலடியில் நங்கூரமிட்டு, மேலே மிதக்கும் இந்தப் பெரிய வட்டுகளில் காற்று வேகம், காற்றழுத்தம், வெப்பநிலை, அலை உயரம், நீரோட்டம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள் உள்ளன. பின்னர் வந்த மிதவைகள் 500 மீட்டர் ஆழம் வரை நீரின் வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அளப்பவை. அளவுகள் துணைக்கோள் வழியாகப் பள்ளிக்கரணைக்கு வருகின்றன. சாலையில் பேருந்து ஓடிக்கொண்டிருக்க, மதிலுக்கு அப்பால் நடுக்கடலின் நாடித்துடிப்பு வந்துகொண்டிருக்கிறது எனலாம்.

மிதவை இரு பிரதிகள் வைத்துக்கொள்கிறது. ஒன்று துணைக்கோளுக்கு, மற்றொன்று தன் வயிற்றிலுள்ள நினைவகத்துக்கு. துணைக்கோள் வழி குறுகியது. அதில் சுருக்கமே செல்லும். முழு விவரம் மிதவையிலேயே தங்கும். கப்பல் சென்று மிதவையை மீட்கும்போது அதைப் படித்துக்கொள்வார்கள். மிதவையின் நிழலில் மீன் கூடும். மீன் கூடும் இடத்துக்குப் படகு வரும். படகு உரசியோ, பிறர் கைபட்டோ கருவிகள் பழுதான நிகழ்ச்சிகள் உண்டு. கடலோர மக்களிடம் மிதவையின் பயனை எடுத்துச் சொல்லும் வேலையும் அறிவியலாரைச் சேர்ந்ததாகிவிட்டது. புயலுக்கு முன்பே கரை திரும்பச் சொல்லும் எச்சரிக்கை அந்த மிதவையிலிருந்தும்தான் வருகிறது என்று தெரிந்தால் மீனவரே அதன் காவலர் அல்லவா?

2004க்குப் பின் ஆழிப்பேரலை மிதவைகளும் சேர்ந்தன. இவை அமெரிக்கர்கள் பசிபிக் பெருங்கடலில் முன்பே வகுத்த முறையைச் சார்ந்தவை. கடலடியில் அழுத்தமானி ஒன்று கிடக்கும். மேலே நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்தால் அழுத்தம் ஏறத்தாழ ஒரு மில்லிபார் கூடும். அதையும் அது உணரும். ரேடியோ அலை கடல்நீரில் வெகுதூரம் செல்லாது. ஆகவே அழுத்தமானி ஒலியாகக் கூவும். மூவாயிரம் மீட்டர் ஆழத்திலிருந்து அந்தக் கூவல் மேலே வர இரண்டு விநாடி. மேலே மிதக்கும் மிதவை அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, துணைக்கோளுக்கு அனுப்பும். பழைய தந்தி நிலையத்து ஊழியர் செய்த அதே வேலை!

இம்முறையில் மற்றொரு நுட்பமும் உண்டு. கருவி எப்போதும் 15 விநாடிக்கொரு முறை அளந்து தன்னிடம் வைத்துக்கொள்கிறது. ஆனால் சாதாரண நாட்களில் 15 நிமிடத்துக்கு ஓர் அளவை மட்டுமே, அதுவும் பல மணி நேரத்துக்கு ஒருமுறை சேர்த்து அனுப்புகிறது. மின்கலம் கடலடியில் கிடக்கிறது. அதை மாற்றக் கப்பல் போக வேண்டும். நீர்மட்டம் எதிர்பார்த்ததற்கு மாறாக அசைந்தால், கருவி உடனே நிலை மாறி, 15 விநாடி அளவுகளையே அனுப்பத் தொடங்கும். அமைதியில் சிக்கனம், ஆபத்தில் தாராளம். 2007 அக்டோபரில் ஐதராபாத்தில் இந்திய ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11இல் சுமத்திரா அருகே 8.6 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டுச் சென்னைவாசிகள் தெருவுக்கு ஓடிவந்தபோது, கடல் பெரிதாக எழவில்லை என்பதை அளவுகளைக் கொண்டு அறிந்து எச்சரிக்கையை விலக்கிக்கொள்ள முடிந்தது. ஆபத்தைச் சொல்வது மட்டுமன்று, ஆபத்தில்லை என்று சொல்வதும் அளவின் தொண்டே.

கணிப்பொறியில் அதே விதி

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயக்க முறையைத் தொடங்கினர். மனிதன் தட்டும் கட்டளைகளைக் கணிப்பொறிக்குப் புரியவைக்கும் நிரலுக்கு ஷெல் என்று பெயர். பல கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் ஷெல் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும். அந்தக் கோப்பே ஷெல் நிரல். சமையல் குறிப்பு போன்றது.

1970களின் பிற்பகுதியில் அதே ஆய்வகத்தில் மைக் லெஸ்க், யூனிக்ஸ் கணிப்பொறிகள் தொலைபேசி வழியே கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் முறையை எழுதினார். அனுப்ப வேண்டியவை ஒரு தனி அடைவில் காத்திருக்கும். தொலைபேசித் தொடர்பு கிடைத்ததும் கிளம்பும். காத்திருக்கும் அந்த இடத்துக்கு, நூல் சுற்றும் கட்டையைக் குறிக்கும் 'ஸ்பூல்' என்னும் சொல் வழங்கியது. 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஓர் உறுப்பு. அத்திட்டத்தின் தொடக்க நாட்களில் மின்னஞ்சல் சென்றது இவ்வாறு தொலைபேசியில் காத்திருந்துதான்.

இன்று தாம்பரத்தில் ஒரு பள்ளியோ சிறு அலுவலகமோ தன் கணிப்பொறியின் வெப்பநிலையை, வட்டில் மீதமுள்ள இடத்தை, அல்லது மாடியிலுள்ள மழைமானியின் அளவை வேறோர் ஊரிலுள்ள கணிப்பொறிக்கு நிமிடந்தோறும் அனுப்ப விரும்பினால், இருபது வரி ஷெல் நிரல் போதும். அது செய்ய வேண்டியவை இவைதாம்.

முதலில், அளவை எடு. எடுத்த நேரத்தையும் கருவியின் பெயரையும் சேர்த்து ஒரே வரியாகக் கோப்பின் கடைசியில் எழுது. கோப்பு வட்டில் இருக்க வேண்டும். தற்காலிக நினைவகத்தில் இருந்தால் மின்சாரம் போனதும் அழிந்துவிடும்.

இரண்டாவது, அனுப்பும் வேளை வந்ததும் அந்தக் கோப்பின் பெயரை மாற்று. ஏன்? அனுப்பிக்கொண்டிருக்கும்போதே அதே கோப்பில் புதிய வரி வந்து ஏறினால், அது அனுப்பப்படாமலே அழிக்கப்பட்டுவிடலாம். பெயர் மாற்றியபின் புதிய வரிகள் புதிய கோப்பில் விழும். தபால் பெட்டியிலிருந்து நிறைந்த பையை எடுத்துவிட்டு, வெற்றுப் பையை மாட்டுவது போல.

மூன்றாவது, அனுப்பு. யூனிக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் முடிந்ததும் ஓர் எண்ணை விட்டுச் செல்லும்: சுழி என்றால் வெற்றி, வேறெதுவும் தோல்வி. சுழி வந்தால் மட்டுமே அனுப்பிய கோப்பை அழி. தோல்வியென்றால் அப்படியே இருக்கட்டும். அடுத்த முறை பார்க்கலாம். அந்நாளில் பதிவுத் தபாலில் ஒப்புகைச் சீட்டு வரும்வரை நகலைக் கிழிக்காமலிருந்தோமல்லவா?

நான்காவது, மறுமுனை செய்தியைப் பெற்றுக்கொண்டு, ஒப்புகை மட்டும் வழியில் தொலைந்துபோகலாம். அப்போது அதே அளவு இரண்டாம் முறையும் செல்லும். பெறுபவர் பெயரும் நேரமும் பார்த்து ஒன்றை விலக்கிவிடலாம். இரண்டு முறை சேர்வதைத் திருத்தலாம். ஒருமுறையும் சேராததைத் திருத்த இயலாது.

இவ்வளவும் செய்தபின்னும் இரண்டு கேள்விகள் எஞ்சும். வழி பல நாள் திறக்காமல் கிடங்கு நிரம்பிவிட்டால் எதை எறிவது? வரலாறு எழுதுபவர் பழையதை எறியக் கூடாது என்பார். வெள்ளத்தைக் காண்பவர் புதியதை எறியக் கூடாது என்பார். மிதவையைப் போல, இடையிடையே சிலவற்றை விட்டுச் சுருக்கிக்கொள்வது நடுவழி. அடுத்து, அறுந்த வழி மீண்டும் திறந்ததும் எல்லா நிலையங்களும் தேங்கிய மூட்டைகளோடு ஒரே கணத்தில் வாசலில் முட்டினால் என்ன செய்வது? பெறும் கணிப்பொறி திணறி நின்றுவிடும். ஒவ்வொரு நிலையமும் தற்செயலாகச் சில விநாடிகள் பொறுத்து அனுப்பினால் நெரிசல் கலையும். அந்தப் பழைய துணைக்கோள் நிலையங்கள் கையாண்ட தந்திரமே இதற்கும் மருந்து. அனுப்பும்போது புதிய அளவு முதலில், பழைய மூட்டை பின்னால் என்னும் ஒழுங்கும் நல்லது. வெள்ளத்தின்போது இப்போதைய மட்டம்தான் முதலில் வேண்டும். நேற்றையது வரிசையில் நிற்கட்டும்.

49இன் மதிப்பு

மீண்டும் தாம்பரத்துக்கு வருவோம். 49 என்னும் எண் இன்று ஏட்டில் இருக்கிறது. வடிகால் எவ்வளவு அகலம் வேண்டும், ஏரிக்கரை எவ்வளவு உயரம் வேண்டும் என்று கணக்கிடும் பொறியாளருக்கு அது இன்னும் நூறாண்டுக் காலம் பயன்படும். 1881இன் கோடுகள் பயன்பட்டதுபோல. அது காத்து வைத்ததன் பலன். ஆனால் அடுத்த பெருமழை இரவில், முடிச்சூரில் ஒரு குடும்பம் மாடிக்குச் செல்வதா, ஊரை விட்டு வெளியேறுவதா என்று முடிவு செய்ய வேண்டியிருக்கும். அவர்களுக்கு நூறாண்டுக் காலம் இல்லை. ஒரு மணி நேரமே இருக்கும். அந்த ஒரு மணிக்குள் அளவு வந்து சேர வேண்டும். மின்சாரம் இல்லாமலும், ஒரு வழி அறுந்தால் மறுவழியிலும், வர வேண்டும்.

அதற்கான அறிவு அரிய அறிவன்று. ஓர் ஏடு, ஒரு கடிகாரம், ஓர் ஒப்புகைச் சீட்டு ஆகியவற்றிலேயே அது அடங்கிவிடுகிறது. மாணவர்கள் இதை வீட்டிலேயே தொடங்கலாம். பக்கம் நேரான ஒரு கண்ணாடிக் குவளையை மரநிழல் படாத திறந்தவெளியில் வையுங்கள். நாள்தோறும் காலை 8.30 மணிக்கு நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து, தேதியும் நேரமும் போட்டு உடனே எழுதுங்கள். வேறு பகுதியிலுள்ள நண்பர்கள் நால்வரிடமும் இதையே செய்யச் சொல்லி, வாரம் ஒருமுறை ஏடுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருநாள் எழுத மறந்துவிட்டால் அந்த இடத்தை வெற்றிடமாகவே விடுங்கள், சுழி போட்டுவிடாதீர்கள். மழை பெய்யவில்லை என்பது வேறு. அளக்கவில்லை என்பது வேறு.